அக்காவின் கட்டைவிரல்

மார்ச் 3

  

நோய் முற்றி, அக்காவின் உடம்பில் கண்ணைத் தவிர இப்போது அசைவது வலது கட்டைவிரல் மட்டும். திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக ஒளிரும். வேண்டியது வரும்போது பொத்தானை அழுத்துவாள். கணினி வாசிக்கும். கணினியின் பழைய இயங்குதளத்துக்கு இனிப் பாதுகாப்பில்லை என்று இன்று புதியதற்கு மாற்றினேன். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். விழித்ததும் ஏதோ சொல்ல வந்தாள். கணினி வாசித்தது வெறும் உளறல்.

மார்ச் 4

கண்ணை மூடிக்கொண்டே அழுத்துகிறாள்! பார்வை மங்கியதிலிருந்து அவள் திரையைப் பார்த்ததே இல்லை. எந்த எழுத்துக்கு எவ்வளவு பொறுப்பது என்று விரல்தான் தாளமாக வைத்திருந்திருக்கிறது. விரலுக்குத் தனியாக நினைவு உண்டா? நேற்று யாராவது கேட்டிருந்தால், உளறாதே என்றிருப்பேன். புதியதில் எழுத்துகளின் வரிசையும் மாறிவிட்டது, ஒளிரும் வேகமும். கூடவே இருந்தும் கவனிக்கவில்லை. படித்து என்ன கிழித்தேன்?

மார்ச் 5

கணினிக்காரர் வந்தார்.

"பழசை அழிச்சுட்டுதானே மேடம் இதை ஏத்தியிருக்கீங்க? திரும்ப வராது. பழகிட்டா இதுதான் ஈஸி."

"யாருக்கு?"

எழுத்தைப் பெரிதாக்கிவிட்டுப் போனார்.

மார்ச் 8

மூச்சு குறைந்துகொண்டே வருகிறதாம். தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைக்கலாமா என்று அக்காவே சொல்ல வேண்டும். வைத்தால் சில வருடங்கள், இதே கட்டிலில்.

"வேணும்னா ஒரு தடவை கண்ணைச் சிமிட்டுங்க, வேண்டாம்னா ரெண்டு" என்றார் மருத்துவர்.

சிமிட்டவில்லை. கண் திரைப் பக்கம் போனது. ஒற்றைச் சொல்லில் பதில் சொல்கிறவளா அவள்? போன மாதம் இவரிடமே, "என் பேரையே மாத்திக் கூப்பிடறீங்க டாக்டர், ஊசியையாவது சரியான ஆளுக்குப் போடுங்க" என்றவள்.

மருத்துவர் பத்தாம் தேதி வருவதாகச் சொல்லிப் போனார்.

மார்ச் 9

நாள் முழுக்கப் பழகினாள். நெற்றியெல்லாம் வேர்வை. மாலையில் முழுசாக ஒன்று வந்தது:

"என்னைக் கேட்டியாடீ?"

கணினியை மாற்றுமுன் கேட்கவில்லைதான்.

"குழாய் வேணுமா வேண்டாமா, எங்கிட்டயாவது சொல்லேன்க்கா."

கண்ணை மூடிக்கொண்டாள். நாளை டாக்டரிடம் அவளே சொல்லட்டும்.

மார்ச் 10

காலையில் மருத்துவர் வந்தார். அக்கா தொடங்கினாள். இரண்டு மூன்று எழுத்து வருவதற்குள் அவருக்கு அழைப்பு வந்தது. "சாயங்காலம் வந்து கேட்டுக்கறேம்மா." போய்விட்டார். அவள் அழுத்திக்கொண்டே இருந்தாள்.

மதியம் மூச்சு திணறி நினைவு தப்பியது. மருத்துவமனையில் யாரும் யாரையும் கேட்கவில்லை. குழாய் வைத்துவிட்டார்கள். இருக்கிறாள். கண் திறக்கவில்லை.

மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். திரையில் "எனக்கு அந்த" என்று நிற்கிறது. இந்தப் புதியதில் எதை அழுத்தினால் சேமிக்கும் என்று எனக்கும் தெரியவில்லை. அணைக்காமல் விட்டுவிட்டேன்.