சுவரில் வந்த முகம்

14 ஆகஸ்ட் 1998, வெள்ளி

கலாவுக்குத் தலையில் அடிபட்டு ஏழு மாதம் ஆகிறது. நான் யாரென்று அவளுக்கு இன்னும் தெரியவில்லை. கல்யாண போட்டோவைக் காட்டினாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

என் கம்பிச் சிற்பங்கள் என்றால் முன்பு அவளுக்கு உயிர். அதனால் துண்டுக் கம்பிகளை முன்னும் பின்னுமாகப் பற்றவைத்து ஒன்று செய்தேன். வெறுமனே பார்த்தால் குப்பை. ஒரே ஒரு பக்கத்திலிருந்து வெளிச்சம் பட்டால் மட்டும் அதன் நிழல் என் முகமாகும். இன்று சாயங்காலம் பொம்மசந்திரா ஃபேக்டரியில் ஷிப்ட் முடிந்து வந்ததும் டேபிள் லேம்ப்பைப் போட்டுக் காட்டினேன்.

கலா எழுந்து போய்ச் சுவரைத் தொட்டாள்.

"எங்க வீட்டுக்காரரு" என்றாள்.

"நான்தான் கலா" என்று அவளிடம் போனேன். என் உடம்பு வெளிச்சத்தை மறைத்ததில் சுவரிலிருந்த முகம் போய்விட்டது. பதறிப்போய் என்னைத் தள்ளினாள்.

"நகருங்க சார். இப்பதான் வந்தாரு அவரு."

நகர்ந்தேன். முகம் திரும்ப வந்தது.

"சாப்பிட்டீங்களா?" என்று அதனிடம் கேட்டாள்.

லேம்ப்புக்குப் பின்னால் நின்றபடி, "சாப்பிட்டேன்மா" என்றேன்.

சுவரைப் பார்த்துச் சிரித்தாள். அதன் கீழேயே படுத்துத் தூங்கிவிட்டாள். லேம்ப்பை அணைக்க எனக்குக் கை வரவில்லை.