பட்டுநூல் முடிச்சு

1937 ஜூன் 6, ஞாயிறு

காலையில் ஓடையில் பதினான்கு மீன். கெளுத்தி இரண்டு, மீதி கெண்டை. நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் காயம் தைக்க வரும் பட்டுநூல் தூண்டிலுக்கு எவ்வளவு வாகு என்று சர்க்காருக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். தையலுக்குப் போடும் அதே முடிச்சைத்தான் தூண்டில் முள்ளுக்கும் போடுகிறேன். இரண்டு சுற்று, மேலே ஒரு இறுக்கு. இந்த மலையில் வேறு யாருக்கும் அது வராது. இதுவரை ஒன்றும் அவிழ்ந்ததில்லை.

கூடையைப் பார்த்துவிட்டு ருக்குமணி, "நம்ம ரெண்டு பேருக்கு இத்தன எதுக்குங்க?" என்றாள். நான்கைக் குழம்பு வைத்தாள். மிச்சத்தை அக்கம்பக்கம் கொடுத்தாள். கடைசி மூன்று நாறிப்போய்க் குப்பைக்குப் போயின.

எதற்கு இத்தனை? இழுப்புக்குத்தான். நூல் விரலில் வெட்டுகிற அந்த ஒரு நொடி. அதைப் பெண்டாட்டியிடம் எப்படிச் சொல்வது?

மலையில் எங்கள் பகுதியான வளப்பூர் நாட்டுக்குப் புதிதாக ஒரு பாரஸ்ட் கார்டு வந்திருக்கிறானாம். மாதேஸ்வரன் என்று பேர்.

ஜூன் 13, ஞாயிறு

அந்தக் கார்டும் மீன் பிடிக்கிறான். நம்மைப்போல மூங்கில் கழி இல்லை. ஊருக்குக் கப்பலேறிய ஒரு துரை கொடுத்துவிட்டுப் போன சக்கரம் வைத்த தூண்டில் தடி. என் இடத்துக்கு எதிர்ப்பாறையில் வந்து நின்றான். முழங்கை நீளக் கெண்டை ஒன்றை இழுத்தான். கையை நனைத்துக்கொண்டு பிடித்து, முள்ளைக் கழற்றி, மறுபடி தண்ணீரில் விட்டுவிட்டான்.

பத்துப் பேர் வேடிக்கை. ஏன் விட்டாய் என்று ஒருவர் கேட்டதற்கு, "சும்மா வெளையாட்டுக்குத்தானுங்க. உசுரு அதுகிட்டயே இருக்கட்டுமுங்க" என்கிறான். மகராசன்.

வீட்டுக்கு வருவதற்குள் செய்தி வந்துவிட்டது. "புண்ணியவானுங்க அவரு" என்றாள் ருக்குமணி, என் மீனுக்குச் செதிள் தேய்த்துக்கொண்டே. கல்யாணமாகி எட்டு வருஷம். இந்த மலையில் எத்தனை வாய்க்குக் குயினைன் ஊற்றியிருக்கிறேன். மார்கழியில் அதே மலைக்காய்ச்சல் எனக்கே வந்து பதினோரு நாள் நினைவில்லாமல் கிடந்து எழுந்தேன். அந்த வார்த்தையை ஒரு நாளாவது என்னைப் பார்த்துச் சொல்லியிருப்பாளா?

ஜூன் 15

சக்கரம் இருந்தால் நானும் புண்ணியவான்தான்.

ஜூன் 27, ஞாயிறு

கேழ்வரகுக் காட்டில் களைக்கொத்து வெட்டிய காலோடு சின்னராசு வந்தார். புண்ணைக் கழுவும்போது பேச்சு கார்டு பக்கம் போனது. நானாகத்தான் இழுத்தேன்.

"அவரு உட்டது அத்தனையும் பொழைக்கறதில்லீங்க. வாயி புண்ணாகி, எரை எடுக்காம, நாலு நாளு கழிச்சுக் கீழ ஒதுங்கிக் கெடக்குமுங்க. பசிச்சாப் புடி, புடிச்சாத் தின்னு. வெளையாடறதுக்கு அது என்ன பம்பரமுங்களா?"

எனக்கு வந்த சந்தோஷத்தில் துணியை இன்னும் இரண்டு சுற்று கூடச் சுற்றிவிட்டேன். அதற்கப்புறம் அவர், "நீங்களுந்தான் பதனாலு புடிச்சு மூணைக் குப்பையில போட்டீங்களாமா" என்றார். அதை இங்கே எழுத வேண்டியதில்லை.

சாப்பிடும்போது ருக்குமணியிடம் முதல் பாதியை மட்டும் சொன்னேன். "அப்படீங்களா" என்றாள். மத்தியானம் ரோந்து முடிந்து வெயிலில் வந்த கார்டைக் கூப்பிட்டு ஒரு சொம்பு மோர் கொடுத்தாள். நம் வீட்டு மோர். தாளித்தது. எனக்குத் தாளிக்காமல்தான் வரும்.

ஆகஸ்ட் 2, திங்கள் (ஆடிப் பதினெட்டு)

இன்று நடந்ததை எழுதாவிட்டால் தூக்கம் வராது.

அறப்பளீஸ்வரர் கோயில் மடுவில் யாரும் மீன் பிடிப்பதில்லை. வேண்டுதல் உள்ளவர்களுக்காக மட்டும் ஒன்றைப் பிடித்து, மூக்கில் மூக்குத்தி போட்டு, திரும்ப விட்டுவிடுவார்கள். இதெல்லாம் எனக்குத் தெரிந்த கதை. தெரியாதது, ருக்குமணிக்கும் ஒரு வேண்டுதல் இருந்தது என்பது. தன் பழைய மூக்குத்தியை அழித்துச் சின்ன வளையமாகச் செய்து முந்தானையில் முடிந்து வைத்திருந்தாள்.

"என்ன வேண்டுதல்?"

"சொன்னா நீங்க சிரிப்பீங்க."

சரி, நான் பிடித்துத் தருகிறேன் என்று வேட்டியை மடித்துக் கட்டினேன். அவள் அத்தனை பேருக்கு நடுவில் சொன்னாள்: "நீங்க புடிச்சா அது சட்டிக்குத்தானுங்க போகும்."

எல்லோரும் சிரித்தார்கள். கார்டு சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் எரிகிறது. முழங்கால் தண்ணீரில் இறங்கி, பொரியைத் தூவி, வந்த மீனை இரண்டு கையாலும் பிள்ளையைத் தூக்குகிறமாதிரி தூக்கினான். என் பெண்டாட்டி குனிந்து பூசாரியின் காதில் ஏதோ சொன்னாள். பக்கத்தில் நின்ற கார்டுக்குக் கேட்டிருக்கும். எனக்குக் கேட்கவில்லை. அவன் பிடித்துக்கொள்ள, அவள் மூக்குத்தியைப் போட்டாள்.

என் காசில் வாங்கின பொன். என் பெண்டாட்டி. அவன் கை.

ஆகஸ்ட் 4

வீட்டில் மீன் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவள் மீன்சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டாள்.

ஆகஸ்ட் 22, ஞாயிறு

மூன்று நாள் மழையில் கோயில் மடு வழிந்து, மீன்கள் எல்லைப்பாறைக்குக் கீழே வந்துவிட்டன. பாறைக்குக் கீழே பிடித்தால் குற்றமில்லை. அது ஊர் வழக்கம். நான் அதைத் தாண்டவில்லை.

கொல்லப் போகவில்லை. இதை ஆணையாகச் சொல்வேன். யாரிடம் சொல்ல? பெரிதாக ஒன்றைப் பிடித்து, கையை நனைத்து, முள்ளைக் கழற்றி விட்டுப் பார்க்கவேண்டும். பழகினபின் ஒருநாள் ருக்குமணியைக் கூட்டிவந்து, அவள் பார்க்க விடவேண்டும். அவ்வளவுதான் நினைத்தது.

புழுவுக்கு வராதென்று பொரியை வெல்லத்தில் உருட்டிப் போட்டேன். அங்கேதான் என் புத்தி. ஜனங்கள் போடும் பொரி தின்றே வளர்ந்த மீன். மோந்துகூடப் பார்க்காமல் ஒரே விழுங்கு. முள் தொண்டையைத் தாண்டிப் போய்விட்டது. தூக்கினால் மூக்கில் பொட்டாகப் பொன். ருக்குமணி போட்டது.

நூலைத் தொண்டையோடு ஒட்ட நறுக்கிவிட்டு, தண்ணீரில் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினேன். நீந்து சாமி, நீந்து கண்ணு என்று கெஞ்சினேன். சாகக்கிடந்த எந்த மனுசனிடமும் அப்படிக் கெஞ்சினதில்லை. கையை எடுத்தபோதெல்லாம் வயிறு மேலே திரும்பியது.

ஆற்றோடு விட்டிருக்கலாம். வீட்டுக்குத் தூக்கிவந்தேன். ஏன் விடல? ஏன்டா விடல? பாதி வழியில் ஒரு வார்த்தை தோன்றிவிட்டது, அதனால்.

"செத்து மிதந்துச்சு. அவன் கை பட்டதுதான். சின்னராசு அன்னிக்கே சொன்னாரில்ல" என்றேன் ருக்குமணியிடம்.

அவள் முகம் வெளுத்தது. அதைப் பார்த்தபோது உள்ளே எங்கோ எனக்கு ஒரு நிம்மதி. இதையும் எழுதித்தான் ஆகவேண்டும்.

ஆகஸ்ட் 23

வேண்டுதல் மீனைக் குப்பையில் போடக்கூடாதாம். பின்பக்கம் பலா மரத்தடியில் குழி தோண்டிக் கொடுத்தேன். மூக்குத்தியை நான் எடுக்கிறேன் என்றதற்கு, "வேண்டாமுங்க, நானே எடுத்துக்கறேன்" என்று வாழையிலையில் மீனை வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்தாள். வெகுநேரம் எழுந்து வரவில்லை. சாப்பிடவும் இல்லை.

ஆகஸ்ட் 29, ஞாயிறு

வேண்டுதல் மீனைக் கொன்ற கை என்று ஊரெல்லாம் பேச்சு. யார் சொன்னது? மருந்து வாங்க வரிசையில் நின்ற நாலு பேரிடம் நான்தான் சொன்னேன். பேச்சுவாக்கில். சோளக்காட்டுச் சந்தைவரைக்கும் போய்விட்டதாம்.

இன்று எதிர்ப்பாறையில் வேடிக்கை பார்க்க ஒரு ஆளில்லை. அவனும் இல்லை. ருக்குமணி அவனைத் தெருவில் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விடுகிறாள். மோர் இல்லை, ஒரு வார்த்தை இல்லை.

ஜெயித்துவிட்டேன்.

செப்டம்பர் 9, வியாழன்

மாதேஸ்வரன் ஆஸ்பத்திரிக்கு வந்தான். எழுதிக் கேட்டு மாற்றல் வாங்கிக்கொண்டானாம். கீழே பேளுக்குறிச்சிக்கு. சக்கரத் தடியை என் மேஜைமேல் வைத்தான்.

"இது இனி எனக்கு வேண்டாமுங்க. சின்னராசண்ணன் சொன்னது நெசந்தானுங்க. போன வாரம் ஆத்தோரமா நடந்து பாத்தேன். நான் உட்டதுதான்னு தெரியுது, வாயெல்லாம் பூஞ்சணம் புடிச்சு நாலஞ்சு கெடந்துச்சுங்க. தின்னிருந்தாக்கூட ஒரு கணக்குல சேந்திருக்கும்."

நான் மருந்துப் புட்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்ததையே துடைத்தேன்.

வாசல்வரை போய்த் திரும்பினான். "அந்தம்மா மொகத்துல முழிக்க முடியலீங்க. மார்கழியில உங்களுக்கு வந்த காச்சலுக்கு வேண்டிக்கிட்டது அது. பூசாரிகிட்ட உங்க பேரைத்தான் சொன்னாங்க. அதையே என் கையி கொன்னுபோட்டுச்சு. மன்னிச்சுக்கச் சொன்னேன்னு சொல்லுங்க."

என் பேர். என் உசுருக்கு.

சொல்லியிருக்கலாம், அந்த இடத்திலேயே. அவன் இறக்கத்தில் இறங்கி மறைகிறவரை தடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

செப்டம்பர் 10, வெள்ளி

மத்தியானம் இலை போட்டாள். சோறு, ரசம். தொட்டுக்கொள்ள ஒன்றும் வைக்கவில்லை. பொரியல் வைக்கிற இடத்தில் ஒரு தூண்டில் முள்ளை வைத்தாள். நாலு விரல் நீளப் பட்டுநூலோடு.

"முடிச்சு நல்லா விழுந்திருக்குதுங்க" என்றாள்.

இரண்டு சுற்று, மேலே ஒரு இறுக்கு. அவிழவில்லை.

"எப்பப் பாத்தே?"

"மூக்குத்தி கழட்டறப்பங்க. வாய்க்குள்ள நூலு தெரிஞ்சுது, இழுத்தேன். நீங்களாச் சொல்லுவீங்கன்னு பதினெட்டு நாளா இருந்தேன். அந்த மனுசனக் கண்டா எனக்குத்தான் வெக்கமாப் போயி, ஊட்டுக்குள்ள ஓடி ஒளிஞ்சேன்."

அவன்மேல் கோபம் என்றல்லவா நினைத்தேன். அதற்கல்லவா சந்தோஷப்பட்டேன்.

அவன் சொல்லச் சொன்னதைச் சொன்னேன். மன்னிச்சுக்கச் சொன்னான் என்று என் வாயால், என் இலைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு. அவள் அழவில்லை, திட்டவில்லை. "ரசம் ஆறுதுங்க" என்றாள்.

செப்டம்பர் 11, சனி

காலையில் மருந்து வரிசையில் நின்ற ஏழு பேரிடமும் சொன்னேன். மீனைக் கொன்றது நான் என்று. ஆளுக்கு ஆள் மருந்தை வாங்கிக்கொண்டு போனார்கள். சின்னராசு மட்டும், "கீழ எப்பப் போறீங்க?" என்றார்.

நாளை விடியலில் இறங்குகிறேன். தடியைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். அவன் வாங்கமாட்டான். கொடுக்கத்தான் வேண்டும். என் மூங்கில் கழியை ருக்குமணி அவரைக்கொடிப் பந்தலுக்கு ஊன்றிவிட்டாள். நான் தடுக்கவில்லை.

பேசவேண்டியதை எழுதிப் பார்த்தேன், மூன்று தடவை அடித்துவிட்டேன். வழியில் வந்தால் வரட்டும்.

விடியலில் எழுந்து கட்டமுடியாதென்று புளிச்சோறு இப்போதே கிளறி இரண்டு பொட்டலமாகக் கட்டி வைத்திருக்கிறாள். ஒன்று எனக்கு, ஒன்று அவனுக்கு. அவள் அந்தப் பக்கம் போனதும் இரண்டையும் கையில் தூக்கிப் பார்த்தேன்.

அவனுடையது கொஞ்சம் கனம்தான்.