அன்னாள் தைத்த சட்டை

முக்கூடல்,
ஞாயிறு சாயங்காலம்

அன்பு மகன் சுஜினுக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் அந்தக் குளிர் தேசத்தில் சுகமாக இருக்க ஆண்டவர் கிருபை செய்வாராக. இங்கே நானும் அப்பாவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம் என்று எழுதத்தான் கை வருகிறது, ஆனால் பொய் சொல்லக்கூடாது என்று வாராவாரம் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறவள் உனக்கு மட்டும் பொய் எழுதலாமா. அப்பாவுக்கு முழங்கால் வலி கூடிவிட்டது, சைக்கிளை மிதிக்கவும் முடியவில்லை, விற்கவும் மாட்டேன் என்கிறார். எனக்குச் சர்க்கரை இருக்கிறபடி இருக்கிறது. மழை விடவே இல்லை, ஆற்றில் தண்ணீர் இரண்டு கரையும் தொட்டுப் போகிறது, துவைத்த துணி காயாமல் வீடெல்லாம் ஒரே வாடை. இதைப் போனில் சொன்னால் ஆகாதா என்பாய். போனில் நான் நாலு வார்த்தை பேசுவதற்குள் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது, வீடியோவில் என் நெற்றியும் மின்விசிறியும்தான் தெரிகிறது என்று நீ சிரிக்கிறாய். இது சிரிக்கிற விஷயம் இல்லை. ஞாயிறுதோறும் கோவிலில் நான் பிள்ளைகளுக்கு எடுக்கிற ஓய்வுநாள் பள்ளியில் ஒன்று நடந்துவிட்டது, அப்பாவிடம் எடுத்தால் விடு விடு என்கிறார், என்னால் விட முடியவில்லை, அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

என் வகுப்பில் ஹெப்சி என்று ஒரு பிள்ளை. நாலாவது படிக்கிறாள், தகப்பன் இல்லை, தாய் பீடி சுற்றுகிறாள். வசனம் சொன்னால் ஒரு எழுத்து தப்பாது, ஆனால் எதைச் சொன்னாலும் அப்படியே நம்பிவிடுவாள், அதுதான் அவளுக்கு வினையாகப் போயிற்று. அவளுக்கு ஒரு ஆட்டுக்குட்டி இருந்தது, தாயாடு செத்துப்போனதால் இவளே புட்டியில் பால் கொடுத்து வளர்த்தது, சீனி என்று பெயர். கோவில் வாசலில் அதைக் கட்டிவிட்டுத்தான் வகுப்புக்கு வருவாள், நான் ஜெபம் பண்ணும்போது அது வெளியே கத்தும், பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டே சிரிக்கும். அறுப்பின் பண்டிகைக்கு முந்தின வாரம் ஆபிரகாம் ஈசாக்கைப் பலிகொடுக்கப் போன பாடம். மனசோடு கொடுத்ததைக் கர்த்தர் எடுத்துக்கொள்ளவில்லை, பிள்ளையைத் தகப்பன் கையிலேயே திரும்பக் கொடுத்தார் என்று நன்றாகத்தான் சொன்னேன். கத்தி, விறகு, மலை எல்லாம் படம் போட்டுக் காட்டினேன். ஹெப்சி கண்ணை இமைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பண்டிகைக்குச் சீனிக்குக் கழுத்தில் ரிப்பன் கட்டிக் காணிக்கையாகக் கொண்டுவந்துவிட்டாள். உனக்குத்தான் தெரியுமே, வாழைத்தார், பூசணிக்காய், சேவல் என்று எது வந்தாலும் ஆராதனை முடிந்ததும் கோவில் முன்னால் ஏலம் விடுவார்கள், கொடுத்தவர்களே பாதிப் பேர் கூடுதல் விலை கேட்டு வீட்டுக்கு எடுத்துப் போவார்கள். போன வருஷம் நான் வைத்த பூசணிக்காயை அப்பாவே ஏலத்தில் எடுத்து அதே சாக்கில் தூக்கிக்கொண்டு வந்தார், ஹெப்சி அதையும் பார்த்திருக்கிறாள். கொடுப்பது, பிறகு அது வீட்டுக்கு வருவது, அந்தப் பிள்ளை புரிந்துகொண்ட காணிக்கை அவ்வளவுதான். நான் பூரித்துப்போய் எல்லார் முன்னாலும் அவளைத் தட்டிக்கொடுத்தேன், உனக்கு எப்படி மனசு வந்தது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏலம் விடும்போது நான் உள்ளே பிள்ளைகளை வசனப் போட்டிக்கு நிறுத்திக்கொண்டிருந்தேன், அப்பா பந்தல் போட்ட களைப்பில் வீட்டுக்குப் போயிருந்தார். மளிகைக்கடை சாலமோன் அண்ணாச்சி குட்டியை ஏலத்தில் எடுத்து, சபையார் எல்லாருக்கும் பந்தி போடுகிற அசனத்துக்கே கொடுத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது, வருஷாவருஷம் செய்கிற நல்ல காரியம் அது.

சாயங்காலம் அசனப் பந்தியில் ஹெப்சி மற்றப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சோறும் கறியும் சாப்பிட்டாள். கை கழுவிவிட்டு என்னிடம் வந்து, “டீச்சர், சீனியை எப்பத் தருவாவ?” என்று கேட்டாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. பக்கத்தில் கரண்டியோடு நின்ற சமையல்காரன் கருத்தையா விளையாட்டாக, அது உன் வயித்துக்குள்ளதாம்ளா இருக்கு என்று சொல்லிச் சிரித்துவிட்டான். அவள் சிரிக்கவில்லை, அழவும் இல்லை. மதில் ஓரமாகப் போய் எல்லாவற்றையும் வாந்தி எடுத்தாள், நான் தலையைப் பிடிக்கப் போனேன், என் கையைத் தள்ளிவிட்டாள். ஐயா, நான் எத்தனையோ பிள்ளைகளுக்குத் தலை பிடித்திருக்கிறேன், ஒரு பிள்ளையும் என் கையைத் தள்ளியது இல்லை.

அதற்குப் பிறகு அவள் கோவில் பக்கமே வரவில்லை. நம் சபை போதகர் ஐயரிடம் போய்ச் சொன்னேன், அவர் சின்ன வயது, படித்தவர், பலி என்றால் என்ன என்று பிள்ளை அறிந்துகொண்டாள் அம்மா, இதை நான் பிரசங்கத்தில் சொல்லலாமா என்று கேட்டார். எனக்கு வந்ததே ஆத்திரம். சொன்னீர்கள் என்றால் நடுப்பிரசங்கத்தில் எழுந்து வெளியே போவேன் என்று சொல்லிவிட்டு வந்தேன், அப்பா என்னைத்தான் வைதார். வைதாரே தவிர மறுநாள் வலிக்கிற காலோடு பஸ் ஏறிப்போய், மில்லில் கூட வேலை பார்த்த சிவசண்முகத்திடம் கேட்டு அதே நிறத்தில் ஒரு குட்டி வாங்கி வந்தார். இரண்டு பேருமாகக் கொண்டுபோய் விட்டோம். அவள் குட்டிக்கு அகத்திக்கீரை ஒடித்துப் போட்டாள், தண்ணீர் காட்டினாள். என்ன பெயர் வைக்கப்போகிறாய் என்று அப்பா கேட்டதற்கு, “இதுக்குப் பேரு வச்சா இதையும் கேப்பியளோ?” என்றாள். யோபு இழந்த பிள்ளைகளுக்குப் பதிலாக வேறு பிள்ளைகளைப் பெற்றான் என்று இத்தனை வருஷம் எவ்வளவு லேசாகச் சொல்லியிருக்கிறேன், இனிமேல் அந்தப் பாடம் எடுக்க எனக்கு வாய் வராது.

இன்று காலையில் அவளாகவே வந்து கடைசிப் பாயில் உட்கார்ந்தாள், தாய் அதட்டி அனுப்பியிருப்பாள் போல. இன்றைக்கென்று பாடம் அன்னாளும் சாமுவேலும். அழுது கேட்டுப் பெற்ற பிள்ளையைப் பால்குடி மறந்ததும் ஆலயத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தாளே, அந்தக் கதை. தள்ளிவைக்கலாம் என்றால் பரீட்சைக்கு உள்ள பாடம். பயந்து பயந்துதான் சொன்னேன். திரும்பக் கிடைத்தான் என்று சொல்லவில்லை, வருஷத்துக்கு ஒருமுறை ஒரு சின்னச் சட்டை தைத்துக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு வருவாள் என்று சொன்னேன். ஹெப்சி கை தூக்கினாள். திரும்பக் கேட்கவே இல்லையா என்றாள். இல்லை என்றேன். பிறகு, “வருசம் பூரா பாக்காம அளவு எப்படி டீச்சர் தெரியும், அவன் வளந்திருப்பாம்லா?” என்று கேட்டாள். போர்டைத் துடைக்கிற மாதிரி திரும்பி நின்றுகொண்டேன்.

உன்னைக் கனடாவுக்கு அனுப்பும்போது நான் சபை நடுவில் நின்று, என் மகனை முழுமனசோடு அனுப்புகிறேன் என்று சாட்சி சொன்னேனே, நினைவிருக்கிறதா. வாய்தான் அப்படிச் சொன்னது. இரண்டு வருஷத்தில் வந்துவிடுவாய் என்றுதான் உள்ளே கணக்குப் போட்டிருந்தேன், அந்தப் பிள்ளை போட்ட கணக்குத்தான் நானும் போட்டது. நீ கடைசியாக வந்தது கொரோனாவுக்கு முன்னால். உன்னைக் குற்றம் சொல்லவில்லை ஐயா, உனக்கு அங்கே என்ன பாடோ. வா என்றும் எழுத மாட்டேன், லீவு கிடைக்கவில்லை என்று நீ சொல்லும்போது உன் குரல் ஒரு மாதிரி ஆகிவிடுகிறது, அதைக் கேட்க என்னால் முடியாது.

வேளாவேளைக்குச் சாப்பிடு, இரவில் கண் முழிக்காதே, மருமகளிடம் முகம் கொடுத்துப் பேசு, படுக்கும்முன் ஒரு சங்கீதமாவது வாசி. ஹெப்சிக்காக ஜெபம் பண்ணு, எனக்காகவும் பண்ணு. போக்கிலும் வரத்திலும் கர்த்தர் உங்கள் இரண்டு பேரையும் காப்பாராக.

ஒன்றை மறக்காதே. கிறிஸ்துமஸுக்கு உனக்கு ஒரு சட்டைத்துணி எடுத்து வைத்திருக்கிறேன், நீலத்தில் பொடிக்கட்டம். தையல்காரர் அளவு கேட்டார், நான் உன் பழைய சட்டையைக் கொடுத்தேன், இது இப்போதும் அவருக்குச் சரியா இருக்குமா என்றார். எனக்குத் தெரியவில்லை. தோள் அளவும் கை நீளமும் எழுதி அனுப்பு.

உன் அம்மா,
பாக்கியசீலி