பஞ்சு வைத்துத் தைத்த வெள்ளைக் கோட்

என் அன்புக்கும், போன செவ்வாய்க்கிழமையில் இருந்து என் கோபத்துக்கும் உரிய வெஸ்லி அண்ணைக்கு,

நீங்கள் போய் ஐந்து மாதமாகிறது. உங்களைப் பற்றிப் பேப்பர்களில் வந்ததை எல்லாம் வெட்டி வைத்திருக்கிறேன். எட்டு வயதில் ஜமெய்க்காவில் இருந்து லண்டன் வந்தது, தேவாலயத்தில் பாடத் தொடங்கியது, பஸ் டிப்போவில் வேலை செய்துகொண்டே முதல் ரெக்கோட் போட்டது, எழுபதுகளில் நாடே உங்கள் ஃபங்க் பாட்டுக்கு ஆடியது, பிறகு இருபது வருடம் ஒருவரும் தேடாமல் கிடந்தது, கடைசியில் பேரப்பிள்ளை வயதுக்காரர் உங்கள் பழைய பாட்டுகளைக் கண்டுபிடித்து மறுபடி மேடைக்கு இழுத்து வந்தது, எல்லாம் சரியாகவே எழுதியிருக்கிறார்கள். சோல் பாட்டின் அரசன் என்றும் போட்டிருக்கிறார்கள். அரசனுக்குக் காற்சட்டை தைத்தது யார் என்று மட்டும் ஒருவரும் எழுதவில்லை.

முதல் நாள் ஞாபகம் இருக்கிறதா? என் தையல்கடைக்குப் பக்கத்து ட்ரைகிளீனிங் கடைக்காரர் போனில், "வெஸ்லி எண்டு ஒருத்தர் வாறார், காற்சட்டை ரெண்டு முழங்காலிலயும் கிழிஞ்சு போச்சாம்" என்றார். வெஸ்லி என்றால் எங்கள் ஆட்களில் ஒரு வேதக்காரர் என்று நினைத்துவிட்டேன். முழங்கால் கிழியக் கிழியச் செபம் செய்கிற மனிதர் என்று மரியாதையோடு கதிரையைத் துடைத்து வைத்தேன். கதவைத் திறந்தால் ஆறடி உயரத்தில், ஊதாக் கண்ணாடியோடு நீங்கள். பாட்டின் நடுவில் தொப்பென்று முழங்காலில் விழுவதுதான் உங்கள் பெயர்போன வித்தை என்று அன்று எனக்குத் தெரியாது.

அறுபது வயதில் இப்படி விழுந்தால் முழங்கால் என்னத்துக்கு ஆகும்? சேலை பிளவுசுக்கு வைக்கிற கப் இரண்டை எடுத்து உள்ளே வைத்துத் தைத்துவிட்டேன். அது என்ன என்று நீங்கள் கேட்க, நான் சொல்ல, என் ஹவுன்ஸ்லோ கடை அதிரச் சிரித்தீர்கள். "சிஸ்டர், இதை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை" என்றீர்கள். நீங்கள் இங்கிலிசில் சொன்னதெல்லாம் எனக்குத் தமிழில்தான் ஞாபகம் நிற்கிறது. அன்றிலிருந்து நான் சிஸ்டர், நீங்கள் அண்ணை.

ஏழு வருடம் உங்கள் உடம்பின் கதை என் டேப்புக்குத்தான் தெரியும். முதல் சில வருடம் இடுப்புத் தையலைச் சத்தமில்லாமல் பிரித்து அரை அங்குலம், ஒரு அங்குலம் என்று விட்டுத் தந்தேன். நீங்கள் கண்ணாடியைப் பார்த்து, "பார், இன்னும் அதே சைஸ்" என்பீர்கள். நானும் ஓம் என்று தலையாட்டுவேன். பொய்யில் கை பழகியது அங்கேதான் என்று நினைக்கிறேன்.

பிறகு போன வருடம் நீங்கள் சுருங்கத் தொடங்கினீர்கள். முதல் தடவை, "என்ன அண்ணை, சோத்தைக் குறைச்சிட்டீங்களோ?" என்று பகிடி விட்டேன். அடுத்த மாதம் நெஞ்சைச் சுற்றி டேப் போட்டபோது எனக்குப் பகிடி வரவில்லை. நாற்பத்துநாலு இருந்த இடத்தில் முப்பத்தெட்டு.

"டொக்டர் கையை விரிச்சிட்டார், பிள்ளை. மார்ஷாவுக்குத் தெரிஞ்சா என்னைப் பாட விடமாட்டாள்."

"மகளுக்குச் சொல்லாமல் எப்பிடி அண்ணை?"

"இருபது வருசம் பாடாமல் இருந்து பாத்திட்டன். இன்னொருக்கா ஏலாது. உள்ளுக்குப் பஞ்சு வைச்சுத் தை. மேடையில வெஸ்லியாத் தெரிஞ்சாப் போதும்."

தைத்தேன். மார்ஷாவுக்குச் சொல்வதில்லை என்று வாக்கும் தந்தேன். தோளில் ஸ்பொஞ்ச், நெஞ்சில் பஞ்சு, முதுகில் மெல்லிசாக இன்னொரு அடுக்கு. மாதத்துக்கு மாதம் நீங்கள் குறையக் குறைய நான் கூட்டினேன். என் கையால் செய்த வேலைகளில் அதுதான் திறம். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அதில் பெருமையும் பட்டேன்.

கடைசி நிகழ்ச்சிக்கு எனக்கும் இவருக்கும் டிக்கெட் தந்தீர்கள். வெள்ளைக் கோட், ஊதாக் கண்ணாடி, முகம் நிறைய மேக்கப். நீங்கள் முழங்காலில் விழுந்தபோது சனம் எழும்பி நின்று கத்தியது. நான் தையல் தாங்குமோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மான்செஸ்டரில் இருந்து அன்றுதான் வந்த உங்கள் மகள் மேடைக்குப் பின்னால் ஓடிவந்து உங்களைக் கட்டிப்பிடித்து, "அப்பா, நல்லா உடம்பு வைச்சிருக்கிறியள்" என்று சிரித்தாள். அவள் தோளுக்கு மேலால் நீங்கள் எனக்குக் கண்ணடித்தீர்கள். மூன்று கிழமையில் நீங்கள் இல்லை.

போன செவ்வாய்க்கிழமை மார்ஷா கடைக்கு வந்தாள். கையில் அந்தக் கோட்டும் காற்சட்டையும். கோட்டின் உள் துணியைக் கத்தரிக்கோலால் வெட்டியிருந்தாள், பஞ்சு வெளியே தொங்கியது.

"ஆன்ட்டி, இது நீங்கள் தைச்சதோ?"

"ஓம்."

"எவ்வளவு காலமா உங்களுக்குத் தெரியும்?"

"அவர் போறதுக்கு எட்டு மாசம் முந்தியே."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பியிருப்பேன்.

"எனக்கு எட்டு மாசம் கிடைச்சிருக்கும், ஆன்ட்டி. வேலையை விட்டிட்டு வந்திருப்பன். கடைசியா நான் கட்டிப்பிடிச்சது அப்பாவை இல்லை, உங்கட பஞ்சை."

கேட்டீர்களா, அண்ணை? நீங்கள் கண்ணடித்துவிட்டுப் போய்விட்டீர்கள், அகப்பட்டது நான். உங்களுக்குப் பாட்டுத்தான் பெரிதென்றால் அவள் யார்? இவர் வீட்டில், "அந்த மனிசன் கேட்டார், நீர் தைச்சுக் குடுத்தனீர். இதில உம்மட பிழை என்ன?" என்கிறார். ஆனால் அவள் முன்னால் நின்றபோது அது என் வாயில் வரவில்லை. "பிழை விட்டிட்டன், பிள்ளை" என்றுதான் வந்தது. உங்கள் பங்கையும் சேர்த்தே சொன்னேன்.

"கடைசியா அளந்தது எவ்வளவு?" என்று கேட்டாள்.

முப்பத்துமூன்று என்றேன். அவளுக்கு அது பிடிபடவில்லை. கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்து, முப்பத்துமூன்றில் முனையைச் சேர்த்துப் பிடித்து, வட்டமாக்கிக் காட்டினேன். அவள் இரண்டு கைகளையும் அந்த வட்டத்தைச் சுற்றிப் போட்டாள். இறுக்காமல், கண்ணை மூடிக்கொண்டு. டேப்பைப் பிடித்திருந்த என் கையும் அதற்குள் மாட்டிக்கொண்டது, நான் அசையவில்லை. உடுப்பு வாங்க வந்த ஒருவர் கதவைத் திறந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "பஞ்சை எல்லாம் எடுங்கோ. எனக்கு அளவாக் குறைச்சுத் தாங்கோ" என்றாள். வருகிற மாதம் அதே மேடையில், உங்கள் குழுவோடு, உங்கள் பாட்டுகளைப் பாடப்போகிறாளாம். காற்சட்டையையும் புரட்டிப் பார்த்து, முழங்காலை அமத்தி, "இதுக்குள்ள என்ன?" என்றாள். சொன்னேன். அண்ணை, உங்கள் சிரிப்பு அப்படியே அவளிடம் இருக்கிறது, தெரியுமா? சிரித்து முடிய, "அதை மட்டும் எடுக்காதேங்கோ" என்றாள்.

என்னை மன்னித்தாளா என்று தெரியாது. நானும் கேட்கவில்லை. நேற்றுப் போட்டுப் பார்க்க வந்தாள், தேத்தண்ணி குடித்தாள், சனிக்கிழமை திரும்ப வருவதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

உங்களுக்குத் தந்த ஒரு வாக்கைக் காப்பாற்றினேன். இப்போது இன்னொன்று தருகிறேன், இது உங்களுக்குப் பிடிக்காது. இனி உங்கள் மகளின் உடம்பையும் என் டேப்தான் அளக்கும். அவள் என்றைக்காவது காரணமில்லாமல் அரை அங்குலம் குறைந்தாலும் நான் வாயை மூடிக்கொண்டிருக்க மாட்டேன். அவள் கெஞ்சினாலும் சரி, மேடையில் சனம் காத்திருந்தாலும் சரி, அவளைக் கட்டிப்பிடிக்க உரிமை உள்ள எல்லோருக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டுத்தான் ஊசியில் நூல் கோர்ப்பேன்.

நீங்கள் கூப்பிட்டுப் பழக்கிய தங்கச்சி,
சிஸ்டர் புவனா