இருநூறு பக்கத்திலும் அண்ணா

டோகா,
ஞாயிறு காலை.

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கட முழங்கால் நோ எப்பிடி? நான் சுகமாயிருக்கிறன், யோசியாதேங்கோ.

இப்ப ஒரு தளபாடக் கடைக்கு இணையத்தளம் செய்யிறன். இருநூறு பக்கம். எல்லாப் பக்கத்தின்ர அடியிலயும் வாற விபரத்தை ஒரே கோப்பில எழுதினாப் போதும். ஆராவது பக்கத்தைத் திறக்கேக்க சேர்வர் எண்டுற பெரிய கொம்பியூட்டர் அதை எடுத்து ஒட்டிவிடும். தொடர்புகொள்ள வேண்டியவரின்ர பேருக்கு, சோதிச்சுப் பாக்க ஏதோ அடிச்சன். பாத்தா, இருநூறு பக்கத்திலயும் பிரசாந்தன் அண்ணா! காணாமப் போனவரை எந்தப் படிவத்திலயும் முதல் ஆளா எழுதிப் பழகின எங்கட வீட்டுக் கையெல்லோ.

மனேச்சர், "ஆர் இந்த ஆள்?" எண்டு கேட்டார்.

"தெரியாது சேர்" எண்டு சொல்லிப்போட்டன்.

ஒருக்காத்தான் அழிச்சன் அம்மா. ஒரு பக்கத்திலயும் இல்லாமப் போயிட்டார். இப்பவும் ஒவ்வொரு பக்கமாத் திறந்து பாக்கிறன்.

இங்க வாற ஆக்கள் ஆரும் இருந்தா கொஞ்சம் மிளகாய்த்தூள் குடுத்துவிடுங்கோ. அண்ணாவின்ர சேட்டு ஒண்டும் வையுங்கோ, இங்க ஏசிக் குளிர்.

வேலை பஸ் வந்திட்டுது. விதானையார் குடும்ப விபரம் பதிய வந்தா அண்ணாவின்ர பேரை வெட்ட விடாதேங்கோ. ஒரு இடத்தில வெட்டினாப் போதும் அம்மா, எல்லா இடத்திலயும் இல்லாமப் போயிடுவார்.

உங்கட மகள்
சிவரூபி