பவானி என்ற கப்பல்

வியாழன், 10 மார்ச் 1983

மதியம் வரை வெயில். பிறகு கொட்டித் தீர்த்த மழை. காய்ந்த துணி மறுபடி நனைந்தது.

வீட்டுக்காரர் லோரியில் தெலுக் இந்தான் பட்டணம் போய் வந்தார். சட்டையைக்கூடக் கழற்றவில்லை. "பவானி, உன் பேருல ஒரு சாப்பாட்டுக் கடை இருக்கு. தமிழ் முஸ்லிம் கடைலா."

முதலாளி ஹனிபா என்ற பெரியவர். ஆற்றின் பெயரா என்று இவர் விளையாட்டாகக் கேட்டாராம். "ஆறு இல்லே தம்பி, கப்பல். சண்டை நேரத்துல நான் அதுல சமையக்காரன்."

அப்பாவிடம் சொன்னோம். சோற்றில் வைத்த கை அப்படியே நின்றது.

வெள்ளி, 11

அப்பா இத்தனை வருடத்தில் சொன்னது மொத்தமே இவ்வளவுதான். உலகச் சண்டைக் காலத்தில் சரக்குக் கப்பலில் கரி அள்ளும் வேலை. குண்டு பட்டுக் கப்பல் மூழ்கியது. எண்ணெய் மிதந்த கடலில் கிடந்தவரைக் காவலுக்கு வந்த போர்க்கப்பல் தூக்கிக்கொண்டது. அதன் பெயர் பவானி. சண்டை முடிந்து கடல் தாண்டி இங்கே தோட்ட வேலைக்கு வந்தார், நான் பிறந்தேன், அந்தப் பெயரை வைத்தார்.

யார் தூக்கியது? தெரியாது.

ஞாயிறன்று அந்தக் கடைக்குப் போகிறோம். அப்பா இன்றே முடி வெட்டிக்கொண்டார். "என்னா எடுத்துட்டுப் போலாம்?" மூன்று தடவை கேட்டுவிட்டார்.

சனி, 12

கொண்டுபோகப் பம்ளிமாஸ் பழம் நான்கு வாங்கினோம். அப்பாவின் வெள்ளைச் சட்டைக்குப் பொத்தான் தைத்தேன். சின்னவளுக்கு இருமல். பக்கத்து வீட்டு அக்கா பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

ஞாயிறு, 13

பேருந்தில் மூவரும். பழப்பை அப்பா மடியில்.

ஹனிபா பாய் கல்லாவில் இருந்தார். அப்பா எதிரே போய் நின்று, "பவானி தூக்குன ஆளுங்கள்ல நானும் ஒருத்தன்" என்றார்.

பாய் எழுந்துவிட்டார். முகத்தை உற்றுப் பார்த்தார். "தெரியலேண்ணே. எல்லா மூஞ்சியும் எண்ணெய்ல கறுப்பா இருந்துச்சு."

உட்கார வைத்துச் சொன்னார். கப்பலில் ஆளுக்கு ஆள் இடிக்கும் நெருக்கம். குளிக்க உப்புத் தண்ணீர்தான். மீட்கப்பட்டவர்களுக்குத் தொங்கு படுக்கைகளைக் கொடுத்துவிட்டு, கப்பல்காரர்கள் இரும்புத் தளத்தில் படுத்தார்களாம்.

"காவல் கப்பல் நிக்கக் கூடாது. நின்னா அடுத்த குண்டு எங்களுக்குத்தான். கேப்டன் நிறுத்திட்டாரு. எனக்குக் கை நடுங்கி, உங்களுக்கு ஊத்துன தேத்தண்ணி பாதி கீழே."

"பாதிதான் வந்துச்சு. போதும்லா" என்றார் அப்பா.

இருவரும் சிரித்தார்கள். சிரித்தபடியே அப்பா பாயின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார். அவர் அழுது நான் பார்த்தது இதுதான் முதல் தடவை. அம்மா செத்தபோதுகூட இல்லை.

என்னைக் காட்டி, "என் மவ. பவானி."

பாய் என் தலையில் கை வைத்தார். "கப்பல ஒடைச்சு இரும்பா வித்துட்டாங்கம்மா. பேராச்சும் இருக்கட்டும்னுதான் கடைக்கு வச்சேன். நீ ஒருத்தி இருக்கறது தெரியாமப் போச்சே."

சாப்பாடு: மீன் குழம்பு, கோழி, தயிர். அந்தக் கேப்டன் பெயர்கூடத் தெரியாது. நிறுத்தாமல் போயிருந்தால் நான் இல்லை, என் பிள்ளைகள் இல்லை. நல்லா இருக்கட்டும், எங்கே இருந்தாலும்.

திங்கள், 14

வேலை. தலைவலி. சின்னவளுக்கு இருமல் தேவலை.

வியாழன், 17

காலையில் அப்பாவைக் காணோம். இவர் கடைத்தெரு முழுக்கத் தேடினார். சாயந்தரம் தெலுக் இந்தான் பேருந்திலிருந்து இறங்கி வருகிறார். இவருக்குக் கோபம், எனக்கு வரவில்லை.

"பாய்கிட்ட என்னப்பா பேசுனீங்க நாளு பூரா?"

"ஒண்ணும் பேசலே. உக்காந்திருந்தோம்."