கொப்பளித்த வாய்

இன்று காலையும் வள்ளத்தின் ஓரத்தில் உட்கார்ந்து கண்ணாடிக்குள் துப்பித் தேய்த்தேன். எச்சில் தடவினால்தான் தண்ணீருக்குள் கண்ணாடியில் ஆவி படியாது. என் கூட்டாளியாகச் சங்கு குளித்த உனக்கு இதைச் சொல்லவா வேண்டும்! துப்பியதும் உன் நினைவு வந்தது, கூடவே கோபமும் வந்தது. செத்தவனிடம் கோபப்படக் கூடாதாம். யார் சொன்னது? நான் படுவேன்.

என் கண்ணாடியைப் பிடுங்கி, “உன் எச்சிலு பத்தாதுலே, இங்கன கொண்டா” என்று நீயே துப்பித் தருவாய். அப்படிப்பட்டவன், கொரோனா சமயத்தில் ஆஸ்பத்திரி வாசலில் பெரிய மனிதனாகிவிட்டாய்.

காய்ச்சலோடு உன்னைப் பைக்கில் கூட்டிப் போனது நான். சிஸ்டர் ஒரு சின்ன டியூபை நீட்டி, “இதுல எச்சில் துப்பித் தாங்க” என்றாள். நீ தண்ணீர்க் குழாயைப் பார்த்து நடந்தாய்.

“எங்கலே போற?”

“வாயக் கொப்பளிச்சிட்டு வாரேன். பொம்பளப் புள்ள கையில வாங்குது, வீச்சத்தோடயா குடுக்கது?”

தொண்டை வரைக்கும் கொப்பளித்தாய், பூசைக்குப் போகிறவன் மாதிரி.

எச்சிலில் கிருமி எவ்வளவு என்று பார்த்தால் நோய் முற்றுமா, லேசாகப் போகுமா என்று கணிக்கலாமாம். படுக்கை கிடைக்காத நேரம். அதை வைத்துத்தான் அங்கே ஆளைப் பிரித்தார்கள். உன் எச்சிலில் கொஞ்சம்தான் என்று வந்தது. “லேசுதான், வீட்டுக்குப் போங்க” என்றார் டாக்டர். மூச்சடக்கிப் பழகிய நெஞ்சு, மூச்சு குறைவது உனக்கே தெரியவில்லை. அந்த வாரமே உன்னைப் புதைத்தோம். முகத்தைக்கூடக் காட்டவில்லை, பாவிகள்.

பிறகு அந்த டாக்டரிடமே போய், நீ கொப்பளித்துவிட்டுத் துப்பியதைச் சொல்லிக் கத்தினேன். அவரோ, “கொப்பளிச்சா கிருமி கம்மியாத்தானே தெரியும்? கொப்பளிக்கக் கூடாதுன்னு உங்ககிட்ட சொல்லலையா?” என்று என்னைக் கேட்டார். யாரும் சொல்லவில்லை! அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல வாயில் என்ன கொழுக்கட்டையா? டியூபைப் பார்த்தவர்களுக்கு ஆளைப் பார்க்கத் தெரியாதா? அந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. உன்மேலும்தான். கடலில் இல்லாத நாசூக்கு அங்கே எதுக்குலே உனக்கு?

போன மாதம் உன் மகளுக்கு அதே காய்ச்சல். அதே டியூபை நீட்டினார்கள். உன் ரத்தம்தானே, அவளும் குழாயைத் தேடிப் போனாள். கையைப் பிடித்து இழுத்தேன்.

“ஏளா, கொப்பளிக்காத! இருக்கத இருக்கபடி துப்பு!”

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். கிருமி அதிகம் என்று அன்றே உள்ளே சேர்த்தார்கள். மாதா புண்ணியத்தில் பிழைத்துவிட்டாள். வீட்டுக்கு வரும் வழியில் மெல்லக் கேட்டாள்: “சித்தப்பா, அப்பா கொப்பளிச்சாங்களா?”

“உங்கப்பன் ஒரு நாசமாப்போன மரியாதக்காரன்” என்றேன். அவள் அழுதாள். நானும்தான்.

இன்று தண்ணீருக்குள் இறங்கியதும் கண்ணாடி மங்கிவிட்டது. என் எச்சில் பத்தவில்லைலே.